ஒற்றை ஸ்டாருக்கு என்ன பதில்? கூகுள் பிசினஸ் புரொஃபைல், ஒரு வேலூர் லாட்ஜ் அனுபவம்

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்களுக்கு ஒன்பது ரூம் லாட்ஜ் இருக்கிறது. மாமனார் கட்டியது. வீட்டுக்காரர் போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே பாதி போர்டு வங்காளத்தில் இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். முன்பு காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோக்காரர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே ரூம் எடுப்பார்கள். இப்போது ஹவுராவில் ரயில் ஏறும்போதே போனில் மேப்பைத் திறந்து, எந்த லாட்ஜுக்கு எத்தனை ஸ்டார், யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்து முடித்துவிடுகிறார்கள். அந்த மேப்பில் நம் கடையைத் தொட்டால் வருகிற விவரப் பக்கம்தான் கூகுள் பிசினஸ் புரொஃபைல். அதனால் அது எங்கள் மாதிரி சின்ன ஆட்களுக்கு வாசல் போர்டை விட முக்கியமாகிவிட்டது. நாலு வருஷம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

முதலில் விலை. ஒரு பைசா கிடையாது. முன்பு கூகுள் மை பிசினஸ் என்று பெயர், 2021 நவம்பரில் மாற்றினார்கள். கடை நம்முடையதுதான் என்று போன் வழியாகவோ வீடியோ எடுத்துக் காட்டியோ ஒருமுறை உறுதி செய்தால் போதும். நேரம், போன் நம்பர், போட்டோ எல்லாம் நாமே மாற்றலாம். இதெல்லாம் என் பையன் பெங்களூரிலிருந்து அரை மணி நேரத்தில் செய்து கொடுத்தான். எனக்கு உண்மையில் பயன்பட்டது ஒன்றே ஒன்று: வாடிக்கையாளர் எழுதும் ரிவ்யூவுக்குக் கீழே லாட்ஜ் பெயரில் நாம் பதில் எழுதலாம். அதை எப்படி எழுதக் கூடாது என்று நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு மார்கழி ராத்திரி, பதினொன்றரை மணி. போனில் டிங் என்றது. ஒற்றை ஸ்டார். வங்காளத்தில் எழுதியிருந்தது. மொழிபெயர்ப்பைத் தொட்டால் தமிழில் வருகிறது. "தண்ணீர் உப்பு. சுடுதண்ணீர் காலை ஆறரைக்கே தீர்ந்துவிடும். அப்பாவைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டினோம். அடுப்புக்குத் தனிக் காசு என்று கடைசி நாளில்தான் சொன்னார்கள்."

யார் என்று பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாடியில் இருபத்திரண்டு நாள் தங்கிய குடும்பம். போகிற அன்று அந்தப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு "தீதி, தீதி" (அக்கா, அக்கா) என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டோ ஏறினான். அவன் போய் இப்படி எழுதலாமா? வயிறு எரிந்தது. அப்படியே உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குப் பதில் அடித்தேன். முகத்துக்கு நேரே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்கள் அப்பாவுக்கு இன்ன நோய், ராத்திரி முழுக்க லைட் எரிந்தது, நாங்கள் ஒரு வார்த்தை சொன்னோமா என்று எழுதினேன். நோயின் பெயரையும் ரூம் நம்பரையும் சேர்த்தே எழுதினேன். போஸ்ட் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் ஆசன்சோலிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். இந்தியில் பேசினார். ரூம் இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தீதி, நீங்க எழுதின பதிலைப் படிச்சேன். நாளைக்கு என் வீட்டுக்காரருக்கு என்ன வியாதின்னும் அங்க எழுதுவீங்களா?" என்றார். என்ன சொல்வது என்று தேடுவதற்குள் லைன் கட் ஆகிவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நான் எழுதியது அந்தப் பையனுக்கு. ஆனால் படித்தது அவன் மட்டும் இல்லை. நோயாளியைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, தெரியாத ஊரில் எங்கே தங்குவது என்று தவிக்கிற ஒவ்வொருவரும் படிக்கிறார்கள். பதிலை உடனே அழித்தேன். எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், அழிக்கலாம். அது இந்தக் கருவியில் பெரிய ஆறுதல்.

அடுத்து, அவன் சொன்னது உண்மையா என்று பார்க்க வேண்டும் இல்லையா? மறுநாள் விடியற்காலை அஞ்சரைக்கு மாடிக்குப் போய் நின்றேன். ரத்தம் கொடுக்க ஆறு மணிக்கே கிளம்புகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாளி பிடித்தார்கள். மூன்று ரூமுக்குச் சேர்த்து ஒரே கீஸர். ஆறு பத்துக்கு நானே கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புகூட இல்லை. வேலூர் வெயிலுக்கு எதற்குச் சுடுதண்ணீர் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். சிகிச்சை எடுத்து உடம்பு நொந்து கிடக்கிற பெரியவருக்கு மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும்? நாங்கள் கீழ்வீட்டில் அடுப்பில் தண்ணீர் காயவைத்துக் குளிக்கிறவர்கள், மாடிக் குழாயை நான் திறந்தே பல மாதம் ஆகியிருந்தது.

அடுப்பு விஷயமும் அப்படித்தான். இங்கே பல லாட்ஜில் தங்குகிறவர்களே சமைத்துக்கொள்வார்கள், கேஸ் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருவோம். கடுகெண்ணெயில் மீன் பொரித்தால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். வாடகை எவ்வளவு என்று கவுன்ட்டர் மேலே எழுதித்தான் ஒட்டியிருந்தோம். ஆனால் தமிழில்.

இன்னொரு கீஸர் மாட்டினேன். வாடகைப் பட்டியலை ரூம் நாலில் இருந்த ஒரு டீச்சரம்மாவிடம் கொடுத்து வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி வாங்கினேன். உப்புத் தண்ணீருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது, அது போர் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ரூமுக்குத் தினம் ஒரு கேன் வைக்க ஆரம்பித்தேன். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பதில் எழுதினேன்:

"தம்பி, நீங்கள் சொன்னது உண்மை. காலையில் சுடுதண்ணீர் போதவில்லை, இப்போது இரண்டாவது கீஸர் வைத்திருக்கிறோம். அடுப்பு வாடகையை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், தவறு எங்களுடையது. குழாய்த் தண்ணீர் இன்னும் உப்புதான், குடிக்கக் கேன் தண்ணீர் தருகிறோம். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்."

அவ்வளவுதான். பதில் போட்டால் எழுதியவருக்குத் தகவல் போகும். பத்து நாள் கழித்து ஒரு ஸ்டாரை மூன்று ஆக்கினான். ஐந்து ஆக்கவில்லை, ஆக்க வேண்டிய அவசியமும் இல்லை. இன்றைக்கும் போனில் ரூம் கேட்கிறவர்களில் சிலர், "தண்ணீர் உப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு அட்வான்ஸ் அனுப்புகிறார்கள்.

இடையில் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த ஒற்றை ஸ்டார் வந்த வாரம், "நெகட்டிவ் ரிவ்யூ எல்லாத்தையும் தூக்கிடுறோம் மேடம்" என்று ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. பெயர் வேண்டாம். ஆறாயிரம் ரூபாய் கேட்டார்கள், ஜிபேயில் அனுப்பினேன். அந்த ஒற்றை ஸ்டார் அப்படியே இருந்தது. அதற்குப் பதில் ஒரே வாரத்தில் ஐந்து ஸ்டார் ரிவ்யூ முப்பது வந்து விழுந்தது. ஒன்றில் சாப்பாடு அருமை என்று இருந்தது, எங்களிடம் சாப்பாடே கிடையாது. இன்னொன்றில் பிறந்தநாள் பார்ட்டிக்கு ஏற்ற இடமாம். ஆஸ்பத்திரி லாட்ஜில் யார் பார்ட்டி வைப்பார்கள்? ரூம் இரண்டில் இருந்த ஒரு பெரியவர் அதைக் காட்டி, "இது யார் எழுதியது?" என்று கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை. அடுத்த மாதத்துக்குள் அதில் பெரும்பாலானவை காணாமல் போயின, போலி என்று தெரிந்தால் கூகுள் நீக்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூவை வெளியிடவே கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரம் கொண்டு வந்திருப்பதைப் பையன் பிறகுதான் சொன்னான். யாருக்கும் கட்டாயம் இல்லை, தாங்களாகக் கடைப்பிடிக்க வேண்டியது. ஆனாலும் அந்த ஆறாயிரத்துக்கு அன்றைக்கே இரண்டாவது கீஸர் வந்திருக்கும்.

ரிவ்யூவை நாமே நீக்க முடியாது. அதுதான் நிறையப் பேருக்குக் குறையாகத் தெரிகிறது, எனக்கு இப்போது அது நியாயமாகவே படுகிறது. விதியை மீறிய ரிவ்யூ என்றால் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு ரிப்போர்ட் செய்யலாம். கெட்ட வார்த்தை, வந்தே இராதவர் எழுதியது, போட்டிக் கடைக்காரர் எழுதியது, விளம்பரம், இப்படிப்பட்டவைதான் அதில் சேரும். எங்கள் பெயரில் யாரோ வேறு ஓட்டல் பிரியாணியைத் திட்டி எழுதியிருந்தார், ரிப்போர்ட் செய்தேன், சில நாளில் போய்விட்டது. நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எதையும் எடுக்க மாட்டார்கள்.

ரிவ்யூ கேட்டு வாங்குவது தப்பில்லை. அதற்கு லிங்க்கும் க்யூஆர் கோடும் புரொஃபைலிலேயே கிடைக்கிறது. பிரின்ட் எடுத்து கவுன்ட்டரில் வைத்திருக்கிறேன். ஆனால் ஐந்து ஸ்டார் போட்டால் நூறு ரூபாய் குறைப்பேன் என்று சொல்லக் கூடாது, அது விதிக்கு விரோதம். சந்தோஷமாகப் போகிறவர்களை மட்டும் பார்த்துக் கேட்பதும் அப்படித்தான். நான் சாவி திருப்பிக் கொடுக்கிற எல்லோரிடமும் கேட்கிறேன். ஊருக்கு எந்தச் செய்தியோடு திரும்புகிறார்கள் என்பது சிலர் முகத்திலேயே தெரியும். அவர்களிடம் மட்டும் கேட்பதில்லை.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். திரையில் வருகிற பட்டன், குறிப்பு எல்லாம் தமிழில் வைத்துக்கொள்ளலாம், வங்காளம் தெரியாமலே வங்காள ரிவ்யூ படிக்கலாம், காசு இல்லை. ஒரு ஸ்டார் குறைப்பது மொழிபெயர்ப்புக்காக. சில நேரம் அர்த்தமே தலைகீழாக வருகிறது, வங்காளம் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பதில் எழுதுவதுதான் நல்லது.

நேற்று ஒன்று வந்திருக்கிறது, இரண்டு ஸ்டார். ரூம் ஏழில் கொசுவலை இருந்தும் ராத்திரி தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். காலையில் போய் வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலைமாட்டு மூலையில், மடிப்புக்குள்ளே, கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன், சாயங்காலம் தருவதாகச் சொன்னார். வலை வந்து மாட்டின பிறகு பதில் எழுத வேண்டும்.