புரோட்டீன் ஐஸ் காபி: பாட்டிலா, பவுடரா, வெறும் பாலா?

பாட்டிலின் முன்பக்கத்தில் '20 கிராம் புரதம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நான் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். மொத்தக் கலோரி எவ்வளவு, அதில் புரதம் எத்தனை கிராம்? 100 கலோரிக்கு எவ்வளவு புரதம் என்று கணக்குப் போட்டுவிட்டால் எந்தக் காபியையும் எதனோடும் ஒப்பிடலாம். 'ஹை புரோட்டீன்' என்ற சொல்லை மட்டும் நம்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதிப்படி, மொத்தக் கலோரியில் 20 சதவீதம் புரதத்திலிருந்து வந்தாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை சேர்க்காத, கொழுப்பு எடுக்காத சாதாரணப் பாலே ஏறக்குறைய அந்தக் கோட்டைத் தொட்டுவிடும்.

அதனால் பாலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். காபியில் புரதம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, எல்லாம் பாலில் இருந்துதான் வருகிறது. கொழுப்பு நீக்கிய பால் 250 மி.லி. எடுத்து, சர்க்கரை போடாமல் ஐஸ் காபி கலந்தால் சுமார் 8 கிராம் புரதம், 85 கலோரி. அதாவது 100 கலோரிக்கு 10 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மோசமில்லை! கொழுப்புள்ள பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலந்தால் அதே கணக்கு 4 கிராமுக்கு இறங்கிவிடும்.

ஒரே டம்ளரில் 25 கிராமுக்கு மேல் வேண்டுமென்றால் வே (whey) பவுடர்தான், அதாவது பாலைத் திரித்து வடித்த நீரிலிருந்து எடுக்கும் புரதப் பொடி. 200 மி.லி. கொழுப்பு நீக்கிய பால், 30 கிராம் வே, ஒரு ஷாட் எஸ்பிரெசோ: ஏறக்குறைய 30 கிராம் புரதம், 190 கலோரி. 100 கலோரிக்கு 15, 16 கிராம் வருகிறது. புரதத்தை உருவாக்கும் அமினோ அமிலங்களில் ஒன்றான, தசை வளர்ச்சியைத் தூண்டும் லியூசின் வேயில் நிறைய உண்டு. ஆனால் கலக்கும் வரிசை முக்கியம். சூடான காபியில் பவுடரைக் கொட்டினால் வே புரதம் வெந்து கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். பிறகு எவ்வளவு குலுக்கினாலும் கரையாது. குளிர்ந்த பாலில் பவுடரைப் போட்டு நன்றாகக் குலுக்கி, அப்புறம் ஆறிய காபியை ஊற்றி, கடைசியில் ஐஸ் போட வேண்டும்.

ரெடிமேட் பாட்டில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பல பாட்டில்களில் இருப்பது அல்ட்ரா ஃபில்டர் செய்த பால் அல்லது பால் புரதச் செறிவு. மெல்லிய சவ்வில் வடிக்கும்போது தண்ணீரும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் வெளியேறி, புரதம் தங்கிவிடுகிறது. பால் புரதத்தில் 80 சதவீதம் கேசீன் என்ற புரத வகை என்பதால் மெதுவாகச் செரிக்கும். காலை உணவைத் தவறவிட்டவருக்கு இது வேயை விடப் பொருத்தம் என்பது என் கருத்து. லேபிளில் ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில நிறுவனங்கள் 100 மி.லி.க்கான கணக்கைத்தான் பெரிதாகப் போடும், பாட்டிலோ 330 மி.லி. இருக்கும். புரதம் மூன்று மடங்கானால் சர்க்கரையும் மூன்று மடங்குதான்.

விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் கொலாஜன் என்ற புரதத்தைச் சேர்த்த காபியை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். உடலுக்குக் கட்டாயம் தேவையான ஒன்பது அமினோ அமிலங்களில் டிரிப்டோபான் கொலாஜனில் இல்லவே இல்லை. அதனால் புரதத் தர மதிப்பெண்ணில் அது பூஜ்யம். பாலும் சோயாவும் உச்ச மதிப்பெண்ணை ஒட்டி நிற்கின்றன. 20 கிராம் கொலாஜனை 20 கிராம் பால் புரதத்துக்குச் சமமாக எண்ணி வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சோயா பால்தான் சரி. பாதாம் பாலில் ஒரு டம்ளருக்கு ஒரு கிராம் அளவே புரதம் கிடைக்கும்.

காபி கடையில் புரதப் பவுடர் சேர்த்துத் தரும் பெரிய கிளாஸ் விஷயத்தில் சிரப்பைத்தான் கேட்க வேண்டும். ஒரு பம்பில் சுமார் 5 கிராம் சர்க்கரை, நான்கு பம்ப் என்றால் 20 கிராம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் உச்ச வரம்பே 50 கிராம்தான். சிரப் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதுவும் வீட்டில் கலக்கும் வே காபிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.