முகப்பில் டெஸ்க்டாப், இரண்டாம் கட்டில் லேப்டாப்: எந்த ஏற்பாட்டில் ஒன்றை ஒன்று பார்க்கும்?

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் வீட்டில் ஃபைபர் இணைப்பு முகப்போடு நின்றுவிட்டது. அப்பச்சியின் டெஸ்க்டாப்பும் பிரிண்டரும் அங்கேதான், கேபிளில். ஊருக்குப் போனால் நான் லேப்டாப்போடு உட்காருவது இரண்டாம் கட்டில். நடுவில் வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), அப்புறம் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய கனத்த செங்கல் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

பரணில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்தேன். முகப்பிலிருந்து வந்த கேபிளை அதன் இன்டர்நெட் போர்ட்டில் செருகியதும் வேகம் அள்ளியது. ஆனால் லேப்டாப்பில் டெஸ்க்டாப்பைக் காணோம். "நெட்டுதான் வருதே, அப்புறம் என்னப்பா காணோம்ங்கிற?" என்றார் அப்பச்சி. நியாயமான கேள்வி.

நம் பக்கம் கல்யாணமானவர்களை வேறு வைப்பார்கள். வீடு ஒன்று, வளவு ஒன்று, அடுப்பு தனி. அதே கதைதான் இது. முகப்பு ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் ஐபி எண்களை, அதாவது கணினிகளுக்கான முகவரிகளைத் தருகிறது. பின்கட்டு ரவுட்டர் தன் பங்குக்கு 192.168.0 என்று தருகிறது. "யார் இருக்கிறீர்கள்?" என்று விண்டோஸ் போடும் சத்தம் தன் நெட்வொர்க்குக்குள்தான் கேட்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெஸ்க்டாப்பின் ஐபி எண்ணை நேரடியாக அடித்தால் லேப்டாப்பிலிருந்து பெரும்பாலும் போய்விடலாம். டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு வர வழியில்லை, பின்கட்டு ரவுட்டர் கதவை மூடிக்கொள்ளும். இரண்டு கணினியிலும் ஐபி எண்ணைப் பாருங்கள். வீட்டு ரவுட்டர்களில் பொதுவாக முதல் மூன்று எண்கள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை.

அதே பழைய பெட்டியை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது முகப்பு நெட்வொர்க்கையே வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக மாற்றுவது இரண்டாவது வழி. என் ஓட்டு இதற்குத்தான். அதில் டிஎச்சிபியை (முகவரி வழங்கும் வேலையை) நிறுத்தி, முகப்பு ரவுட்டர் யாருக்கும் கொடுக்காத ஓர் எண்ணை அதற்கு வைத்து, கேபிளை இன்டர்நெட் போர்ட்டிலிருந்து பிடுங்கி லேன் போர்ட்டில் செருகினால் முடிந்தது. அடுப்பு ஒன்றாகிவிடும். செலவு கேபிளுக்கு மட்டும். கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டுக்கும் பெரும்பாலும் போதும். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க வேண்டாம், நிலைப்படி ஓரமாகவே இழுக்கலாம்.

வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டருக்குக் கேபிள் வேண்டாம், முகவரியும் பெரும்பாலும் ஒரே வரிசையில் கிடைக்கும். ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரகம் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தால் அதற்கே சிக்னல் கிடைக்காது. இந்த வீட்டுக்குத் தேறாது.

பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் நல்லதுதான், காசு அதிகம். வாங்கினால், தனியாக முகவரி தராத பிரிட்ஜ் மோடில் போடுங்கள். இல்லையென்றால் பழையபடி வேறு வைத்த கதையாகிவிடும்.

சரி, எண் ஒத்துப்போயும் தெரியவில்லையா? கெஸ்ட் வைஃபையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். அது மற்ற கருவிகளை மறைக்கவென்றே உள்ளது. சில ரவுட்டர்களில் ஏபி ஐசொலேஷன் என்ற அமைப்பும் இதே வேலையைச் செய்யும். அப்புறம் விண்டோஸில் நெட்வொர்க்கைப் 'பப்ளிக்'கிலிருந்து 'பிரைவேட்'டுக்கு மாற்றி, நெட்வொர்க் டிஸ்கவரியை இயக்குங்கள். பிங்குக்கு ("இருக்கிறாயா?" என்று இன்னொரு கருவியைத் தட்டிப் பார்க்கும் கட்டளைக்கு) பதில் வராததை மட்டும் வைத்துப் பாதை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், ஃபயர்வாலே அதை விழுங்கியிருக்கலாம். பிரிண்டரைப் பிங் செய்து பாருங்கள், அது பெரும்பாலும் பதில் சொல்லும்.

எங்கள் வீட்டில் கடைசியில் மிச்சமிருந்தது அந்தப் 'பப்ளிக்'தான். மாற்றியதும் டெஸ்க்டாப் தெரிந்தது. பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது.