முயல் காட்சிக்கு முதல் முயல்: வெள்ளை நியூசிலாந்தா, டச்சா, குள்ள முயலா?

நடுவர் முயலைக் கையில் எடுத்ததும் முகத்தைப் பார்ப்பதில்லை. மல்லாத்திப் பிடித்து, பெருவிரலால் மேலுதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்கிறார். பிறகு நகங்களின் நிறம், பின்னங்காலின் அடிப்பாகம், காதின் உட்குழி. இவ்வளவும் முடிந்த பிறகே நேராக உட்கார வைத்து முதுகை வருடுகிறார். லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்க அழகு என்று பெயர் வாங்கிய முயல் அந்த முதல் அரை நிமிடத்திலேயே தகுதி இழந்து திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முயலைக் கட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகத்தை அப்போது பார்க்க முடியாது.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சில வருடங்களாக முயல் வளர்க்கிறேன். எங்களைப் போன்ற வளர்ப்பாளர்கள் சேர்ந்து ஏப்ரல் விடுமுறையில் சிறிய காட்சி ஒன்று வைக்கிறோம். 1910இல் தொடங்கிய அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் இனத் தரநிலையைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். அடையாளத்துக்கு அவர்கள் இடது காதில் எண் பச்சை குத்துவார்கள். பிரித்தானியாவில் பின்னங்காலில் வளையம் போடுவார்கள். நாங்கள் பேனாவால் காதில் எழுதிக்கொள்கிறோம். ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: எந்த இனத்தை எடுப்பது?

முதல் தடவை என்றால் வெள்ளை நியூசிலாந்து. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன். ஆனால் கேட்பவர்களில் பாதிப்பேரின் மனம் டச் முயலிடம் போய்விட்டிருக்கும். அதிலும் நியாயம் இருக்கிறது.

டச் முயலின் அழகு கோடுகளில் இருக்கிறது. நெற்றியிலிருந்து மூக்கு வரை இறங்கும் வெள்ளைப் பட்டை, இரண்டு பக்கமும் வட்டமாகக் கறுத்த கன்னம், உடலின் நடுவில் கறுப்பும் வெள்ளையும் பிரியும் இடம், பின்னங்காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல் முடியும் பாதம். நடுப்பிரிவு முதுகில் மட்டும் நேராக இருந்தால் போதாது. வயிற்றுப் பக்கமும் கத்தரித்ததுபோல் தொடர வேண்டும். ஒரு கன்னத்து வட்டம் மீசை வரை வந்து மற்றது அதற்கு முன்பே நின்றால் மதிப்பெண் போய்விடும். இந்த இனத்துக்கான மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்த அடையாளங்களுக்கே.

சிக்கலும் இங்கேதான். இந்தக் கோடுகள் பிறக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. குட்டி போட்ட மறுநாள் கூட்டுப் பெட்டியைத் திறந்தால், ரோமம் வராத இளஞ்சிவப்புத் தோலிலேயே கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே என்று தெரிந்துவிடும். போன முறை என் டச் முயல் ஆறு குட்டி போட்டது. ஐந்தில் நடுக்கோடு கோணல். ஆறாவதன் கோடு நூல் பிடித்ததுபோல் இருந்தது, ஆனால் ஒரு பின்னங்காலில் வெள்ளையே இல்லை. அருமையான பெற்றோருக்கும் இப்படித்தான் பிறக்கும். அதற்குப் பிறகு எத்தனை மாதம் கண்ணும் கருத்துமாக வளர்த்தாலும் அந்தக் காலில் வெள்ளை வரப்போவதில்லை.

வெள்ளை நியூசிலாந்து இதற்கு நேர்மாறு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இது அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இனம். உடல் முழுக்க ஒரே வெள்ளை, சிவந்த கண். அடையாளம் பார்க்க எதுவுமில்லை என்பதால் நடுவர் உடற்கட்டையும் ரோமத்தையும் பார்க்கிறார். தோளிலிருந்து எழும்பி இடுப்பில் உருண்டு இறங்கும் முதுகு, கைக்கு இறுக்கமாகப் படும் சதை. தாய் தகப்பன் நல்ல வழியாக இருந்தால், மீதியில் பெரும்பகுதி தீனியும் பராமரிப்பும். முதல் தடவை வருகிறவருக்கு இதைவிட நியாயமான போட்டி இல்லை. மலையகத்தில் கிடைப்பதற்கும் இதுவே எளிது.

ஆனால் கனம். வளர்ந்த ஆண் 4 முதல் 5 கிலோ, பெண் சுமார் 4.5 முதல் 5.4 கிலோ. டச் 2.5 கிலோவைத் தாண்டக் கூடாது. பத்து வயதுப் பிள்ளை வெள்ளை முயலைச் சரியாகத் தூக்க முடியாமல் பின்புறத்தைத் தாங்காது விட்டால் முயல் உதைத்து முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். அந்தக் கனத்தால் கம்பிவலைத் தளத்தில் பாதமும் புண்ணாகும். நான் முதன்முதலில் கொண்டுபோன வெள்ளை முயல் அப்படித்தான் தோற்றது. மேலே பால்போல் இருந்தது, நடுவர் திருப்பியதும் இரண்டு குதிகாலிலும் ரோமம் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. இப்போது வலையின் மேல் ஒரு மூலையில் பலகை போட்டிருக்கிறேன். அடுத்த எதிரி நமது செம்மண். சாக்கில் ஒட்டிவந்த மண்ணும் சிறுநீரும் சேர்ந்தால் வெள்ளை ரோமத்தில் பழுப்பு ஏறிவிடும். காட்சிக்கு முந்தைய வாரம் தினமும் உலர்ந்த வைக்கோல் மாற்றாமல் முடியாது.

குள்ள முயலைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. 1.1 கிலோ சொச்சம்தான் உச்ச எடை, காது இரண்டு அங்குலம், பார்த்தால் மனம் உருகும். ஆனால் உண்மையான குள்ள முயல்கள் இரண்டைச் சேர்த்தால், குள்ள மரபணு இரண்டு பக்கமும் வந்த குட்டிகள், சராசரியாக நான்கில் ஒன்று, பிறந்த சில நாட்களில் இறந்துவிடும். பிள்ளைகளோடு சேர்ந்து வளர்க்கும் வீட்டில் அந்தக் காலைகளை நான் விரும்பவில்லை. வளர்ந்த முயல் ஒன்றை வாங்கிக் காட்சிக்கு மட்டும் கொண்டுபோகிறவர்களுக்கு இது பொருந்தும்.

நீண்ட ரோம இனமான அங்கோராவையும் கேட்கிறார்கள். அது இடத்தைப் பொறுத்தது. ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் ஜூன் முதல் தென்மேல் பருவக்காற்றும் தூறலும் ஓயாது. அந்த ஈரத்தில் நீண்ட ரோமம் சிக்குப் பிடித்துக் கம்பளித் துண்டாகிவிடும். அதே மாதங்களில் பண்டாரவளை காய்ந்து கிடக்கும். அங்கே இருக்கிறவர்கள் துணிந்து பார்க்கலாம், தினமும் சீப்பு எடுக்க நேரம் இருந்தால்.

நாட்காட்டியும் டச்சின் பக்கம்தான் பேசுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டச் ஆறு மாதத்தில் மூத்த பிரிவுக்கு வந்துவிடும். நியூசிலாந்துக்கு எட்டு மாதம் வேண்டும், இடையில் தனிப்பிரிவு ஒன்று உண்டு. ஏப்ரல் காட்சியில் மூத்த பிரிவில் நிறுத்த வேண்டுமானால் வெள்ளைக் குட்டி ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் பிறந்திருக்க வேண்டும். சினைக்காலம் 31 நாள், ஆகவே ஜூலை நடுப்பகுதிக்குள் சேர்க்க வேண்டும். கூட்டுப் பெட்டியைக் காற்றுக்கு மறைவாக, சுவரோரம் வைக்காவிட்டால் ரோமமில்லாத குட்டிகள் விறைத்துப்போகும். புதியவர்கள் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ பிறந்த குட்டியை, ஆறு மாதம் நிறையாத இளம் பிரிவில் போடுவது சுலபம்.

இன்னொன்று, எந்த இனமானாலும் புல்லைக் கவனியுங்கள். தேயிலை மலையில் களைக்கொல்லி அடித்த இடம் வாடத் தொடங்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. மருந்து அடித்த நாளைக் கங்காணியிடம் கேட்டுக்கொண்டே நான் அறுக்கிறேன். கரட் இலை கொடுக்கலாம், ஆனால் தோட்டத்துக் கோவாவை (முட்டைக்கோஸ்) அள்ளிப் போட்டால் வயிறு உப்பிக் காட்சிக்கு முன்பே முயல் படுத்துவிடும். மூக்கு ஒழுகினாலோ தீனியை விட்டாலோ காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள்.

இந்த வருடம் அடுத்த லயத்துப் பிள்ளை ஒன்று, "மாமா, எனக்கு டச் தான் வேண்டும்" என்று பிடிவாதமாக நின்றாள். பன்னிரண்டு வயது. கொடுத்துவிட்டேன், அந்த ஒற்றைக் கால் வெள்ளையில்லாத குட்டியைத்தான். மேசையில் அது எடுபடாது என்று விளக்கினேன். அவள் அதை இளம் பிரிவில் போடவில்லை, வீட்டு முயல் பிரிவில் போட்டிருக்கிறாள். அங்கே கோடு பார்க்க மாட்டார்கள். ஆரோக்கியமும், முயல் கைக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்பதும்தான் கணக்கு. தினமும் பாடசாலை விட்டு வந்ததும் மடியில் மல்லாத்தி வைத்து, நடுவரைப் போலவே அதன் பல்லைப் பார்த்துப் பழக்கிக்கொண்டிருக்கிறாள்.