மணியடிக்காத தக்காளி மணிக்கூடு

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி என்னைப் போலவே தொலைக்கல்வியில் முன்பள்ளி டிப்ளோமாவுக்குப் பதிந்திருக்கிறாள். "அக்கா, வேலைக்கும் போய்க்கொண்டு எப்படிப் படிக்கிறீர்கள்? நானும் அந்தத் தக்காளி மணிக்கூடு ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டாள். தக்காளி வடிவில், முறுக்கி வைத்தால் நேரம் முடிந்ததும் மணியடிக்கும் என் சமையலறை மணிக்கூட்டைத்தான் சொல்கிறாள். சனிக்கிழமைதான் அதை ஹட்டன் நகரில் பழுதுபார்த்து வாங்கி வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் இதுபோன்ற தக்காளி வடிவச் சமையலறை மணிக்கூட்டை முறுக்கி வைத்துப் படித்ததில் தொடங்கியது. அதில் ஒரு விதி உண்டு: இடையில் எழுந்துவிட்டால் அந்த 25 நிமிடமும் கணக்கில் சேராது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாத்திக்கொள்ளக் கதவுள்ளவர்களுக்கு அது சரி. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பொதுத் தண்ணீர்க் குழாயான பீலிக்குத் தண்ணீர் வந்தால் எழத்தான் வேண்டும். முதல் ஆறு மாதம் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு, படித்ததையெல்லாம் படிக்காததாக எண்ணி அழுதிருக்கிறேன்.

ஆனால் என்னை வாட்டியது அதன் மணி. விடியற்காலை 4 மணிக்கு முறுக்கி வைப்பேன். எங்கள் லயத்தில் காம்பராக்களுக்கு (அறைகளுக்கு) இடையிலுள்ள சுவர் கூரை வரை எட்டாது. 4.25க்கு மணி அடித்ததும் அடுத்த காம்பராவில் கைக்குழந்தை வீரிட்டு அழும். மணிக்கூட்டைப் பிளானல் துணியில் சுற்றினேன், தலையணைக்கு அடியில் வைத்தேன், பயனில்லை. குழந்தையின் தாய், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் வழியில் அதே குழந்தையை மடுவத்தில் என் கையில்தான் கொடுப்பாள். தூக்கம் கலைந்த பிள்ளை என் தோளில் சாய்ந்து, ஒரு வாய் பால்கூடக் குடிக்காமல் உறங்கிவிடும். குழந்தைகளின் உறக்கத்தைப் பற்றி டிப்ளோமாவுக்கு ஒப்படை எழுதுவதற்காக ஒரு குழந்தையின் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதக் குளிரில் மணிக்கூடும் சோம்பியது. போனோடு ஒப்பிட்டால் 25 நிமிடம் 28 ஆகியிருக்கும். பழுதுபார்ப்பவர் திறந்து காட்டினார். பழைய எண்ணெய் பல்சக்கரங்களில் பிசினாக ஒட்டியிருந்தது. துடைத்து மெல்லிய எண்ணெய் விட்டார். "முதலில் 60 வரை திருப்பிவிட்டுப் பிறகு 25க்குக் கொண்டுவாருங்கள் மகள், அப்போதுதான் சுருள்வில் நன்றாக இறுகும்" என்றார். மணியைத் தட்டும் சிறு சுத்தியலையும் மடக்கிவிடச் சொன்னேன். இப்போது நேரம் முடிந்ததும் டிக் டிக் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த டிக் டிக் ஒலி ஒன்றுக்காகவே நான் இதைக் கைவிடமாட்டேன். போனில் நேரம் வைத்துப் படித்த நாட்களில் "போனைத்தானே நோண்டிக்கொண்டிருக்கிறாய்" என்று ஆளுக்கொரு வேலை சொல்வார்கள். இந்தச் சத்தம் கேட்டால் அம்மா ரொட்டி மாவைக்கூட ஓசையில்லாமல் பிசைகிறார். அடுத்த காம்பரா அக்கா, ஒலி நின்ற பிறகுதான் சுவருக்கு மேலாகக் குரல் கொடுக்கிறார். நான் படிக்கிறேன் என்பதை இந்த வீட்டில் முதன்முதலாக எல்லோருக்கும் கேட்க வைத்தது இதுதான். மாலையில் மடுவம் பூட்டி வரும்போது உடம்பு புத்தகத்தைக் கேட்காது. அப்போது 10க்கு மட்டும் திருப்புகிறேன். கை அதைத் திருப்பிவிட்டால் நானும் உட்கார்ந்துவிடுகிறேன். கடந்த மூன்று ஒப்படைகளும் தவணைக்குள் போயின.

இருந்தாலும் தங்கச்சி, வாங்காதே. 850 ரூபாய் கொடுத்து வாங்கினேன், பழுதுபார்க்க 300. குழந்தை அழுத காலைகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சனிக்கிழமை என்னோடு ஹட்டனுக்கு வா. வீட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே அந்தச் சுத்தியலை மடக்கித் தரச் சொல்லலாம்.