வாட்டர் பம்புக்கு வாரண்டி, பெல்ட்டுக்கு பில்: என் காரின் 34 மாத அனுபவம்

கார் வாங்கி இரண்டு வருடம் பத்து மாதம் ஆகிறது, 47,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் முடிகிறதோ அதுவரை. மைலேஜ், சீட், ஏசி எதிலும் எனக்குக் குறை இல்லை, அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியும் விட்டார்கள். நான் சொல்ல வந்தது வாரண்டி வேலைக்கு டீலர் போட்ட பில்லைப் பற்றி.

38,000 வாக்கில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைய ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால், கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பை ஓட்டுகிற பெல்ட் கீச்சென்று கத்தும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தரையில் சொட்டு எதுவும் இல்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது வாட்டர் பம்புக்குக் கீழே உப்புப் பூத்த மாதிரி இளஞ்சிவப்பாக ஒரு படிவு தெரிந்தது. பம்பின் உள் சீல் போய்விட்டால் கசியும் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வருவதற்கென்றே அதில் ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். அதன் வழியாக வந்து காய்ந்ததுதான் அந்தப் படிவு. போட்டோ எடுத்துக்கொண்டேன், கத்தும் சத்தத்தை வீடியோவாகவும் எடுத்தேன். பின்னால் அது இரண்டும்தான் கைகொடுத்தது.

சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு வந்தேன். மாலையில் போன். "சார், வாட்டர் பம்ப் வாரண்டியில வந்துடும். பெல்ட், கூலண்ட், செக்கிங் சார்ஜ் மட்டும் நீங்க கட்டணும்" என்றார் சர்வீஸ் அட்வைசர். பம்பே இலவசமாக வருகிறதே என்ற நிம்மதியில் சரி என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, எஸ்டிமேட்டை எழுத்தில் அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் பில்லில் அந்த மூன்றோடு பெல்ட் மாற்றிய லேபர் என்று நான்காவதாக ஒன்றும் இருந்தது. எனக்கு வண்டி அன்றைக்கே தேவைப்பட்டது. அதனால் பில்லின் அவர்கள் பிரதியிலும் என் பிரதியிலும் "ஆட்சேபத்துடன் பணம் கட்டுகிறேன்" என்று எழுதி கையெழுத்துப் போட்டுவிட்டு, கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டேன். வாரண்டியில் மாற்றிய பாகத்தைத் தரமாட்டார்கள், கம்பெனி அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்பதால் டீலர் எடுத்து வைத்திருப்பார். ஆனால் பெல்ட்டுக்குப் பணம் கட்டியது நான். கொடுத்துவிட்டார்கள். அதன் உள்பக்கம் முழுக்கக் கூலண்ட் ஊறி வழவழவென்று இருந்தது.

அன்று இரவு வாரண்டி புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பெல்ட் தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி கிடையாது என்று அட்வைசர் காட்டிய வரி உண்மைதான். அதற்கு அடுத்த பக்கத்திலேயே வேறு இரண்டு வரிகள் இருந்தன. வாரண்டியில் செய்யும் வேலையை முடிக்கத் தேவையான ஆயிலும் கூலண்டும் வாரண்டியிலேயே சேரும். வாரண்டியில் உள்ள பாகம் பழுதாகி அதனால் வேறொன்று கெட்டால் அதுவும் சேரும். என் பெல்ட் தேய்ந்து போகவில்லை, பம்ப் கசிந்ததால் நனைந்து போனது. லேபர் விஷயம் இன்னும் மோசம். இந்த இன்ஜினில் பெல்ட்டைக் கழற்றாமல் பம்பைக் கழற்றவே முடியாது, அப்படியென்றால் பம்புக்கான லேபரிலேயே பெல்ட்டைக் கழற்றி மாட்டுவதும் அடக்கம். ஒரே வேலைக்குக் கம்பெனியிடமும் வாங்கி என்னிடமும் வாங்கியிருக்கிறார்கள். (உங்கள் புத்தகத்தில் வார்த்தைகள் வேறாக இருக்கலாம், எடுத்துப் படித்துவிடுங்கள்.)

மறுநாள் போய் சர்வீஸ் மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பெல்ட்டுக்கும் கூலண்டுக்கும் கம்பெனிக்கு க்ளெய்ம் போட்டு அவங்க மறுத்தாங்களா, இல்ல நீங்க க்ளெய்மே போடலையா? மறுத்திருந்தா அந்தக் காரணத்தை எழுதிக் கொடுங்க." அவரிடம் பதில் இல்லை. க்ளெய்ம் போடவே இல்லை.

ஏன் போடவில்லை என்பது பிறகு பேசும்போது புரிந்தது. வாரண்டி கொடுப்பது கம்பெனி, டீலர் வேலையைச் செய்துவிட்டு அவர்களிடம் பணம் கேட்கிறார். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று கம்பெனியே வரையறுத்து வைத்திருக்கிறது. போட்டோ, பழைய பாகம், வண்டியின் புகாரையும் செய்த வேலையையும் எழுதும் ஜாப் கார்டு எல்லாம் சரியாக இருக்க வேண்டும், பிற்பாடு தணிக்கையில் தப்பு கண்டுபிடித்தால் கொடுத்த பணத்தையும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அதனால் நிச்சயமாகப் பாஸ் ஆகும் பம்பை மட்டும் அனுப்பிவிட்டு மீதியை வாடிக்கையாளர் தலையில் போடுவது அவர்களுக்குச் சுலபம். அவர்கள் சிரமம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதற்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

நான்கு நாள் பதில் வராததால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் அனுப்பினேன். கோபமாக எதுவும் எழுதவில்லை. ஜாப் கார்டு எண், ஓடோமீட்டர் அளவு, பில்லின் நான்கு வரிகள், ஒவ்வொன்றுக்கும் நேராகப் புத்தகத்தின் பக்க எண், பெல்ட் போட்டோ, அவ்வளவுதான். 19 நாளில் பெல்ட், கூலண்ட், லேபர் மூன்றும் திரும்ப வந்தன. செக்கிங் சார்ஜுக்கு இன்னொரு மெயில் போட வேண்டியிருந்தது. சோதித்துக் கண்டுபிடித்த பழுதே வாரண்டியில் வருகிறது என்றால் சோதனைக்குத் தனியாக என்ன கட்டணம் என்று கேட்டேன், அதுவும் வந்தது.

எல்லாவற்றுக்கும் சண்டை போடவில்லை. 32,000-இல் பிரேக் பேட் மாற்றியதற்கும், வைப்பருக்கும், அலைன்மென்ட்டுக்கும் பேசாமல் கட்டினேன், அதெல்லாம் நம் செலவுதான். ஏசி கண்டென்சரில் கல் பட்டு ஓட்டை விழுந்தபோது வாரண்டியில் கேட்டுப் பார்த்தேன், மறுத்தார்கள். வெளியிலிருந்து பட்ட அடி என்பது பார்த்தாலே தெரிந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

இப்போது வாரண்டி முடிய இரண்டு மாதம் இருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது எப்போதாவது ஒரு டொக் சத்தம். போன வாரம் காட்டினேன், ஓட்டிப் பார்த்துவிட்டு "சத்தம் வரலையே சார்" என்றார்கள். பரவாயில்லை, வாடிக்கையாளர் சொன்ன புகார் என்ற இடத்தில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள், தேதியும் கிலோமீட்டரும் போடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். வாரண்டி முடிந்த பிறகு அந்தப் பாகம் போனால், புகார் வாரண்டிக்குள்ளேயே பதிவானது என்று காட்ட அந்த ஜாப் கார்டு இருக்கும். அடுத்த வாரம் சத்தத்தை வீடியோ எடுத்துக்கொண்டு மறுபடி போகிறேன்.