லைட் எரியும், முன்சக்கரம் சுற்றாது: பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பழைய ஃபோர் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கிற பிக்கப் தேடிக்கொண்டிருப்பவர்கள் முதலில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், விலை பேசுவதெல்லாம் அப்புறம். கியர்பாக்ஸை ஒட்டி, எஞ்சின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் அச்சுக்கு ஒரு ஷாஃப்ட் போகும், அந்த இழுவையை இரண்டு முன்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற முன்பக்க டிஃபரன்ஷியலுக்கு இன்னொன்று போகும். எனக்கு விற்ற வண்டியில் அந்த இன்னொன்று இல்லவே இல்லை. அதைக் கழற்றி எடுத்துவிட்டு, ஃபோர் பை ஃபோர் என்று சொல்லி, அதற்கு உண்டான விலையையும் முழுசாக வாங்கிக்கொண்டு தலையில் கட்டிவிட்டார்கள்.

வண்டி இசுஸு வி-கிராஸ், 2018 மாடல், 2.5 லிட்டர் டீசல், டிஎன் 65 பதிவு. கொடுத்த பணம் 12.5 லட்சம். தயாரித்த கம்பெனி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, வண்டி நல்ல வண்டிதான். விற்ற கன்சல்டிங்கின், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கிற கடையின் பெயரை இங்கே போடப்போவதில்லை, அது எழுத வேண்டிய இடத்தில் எழுதியாகிவிட்டது.

எங்கள் தோப்பு கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கோடையில் மொபெட்டே போய்விடும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் உள்வாய்ப் பாதை முழுக்கச் சேறு, டிராக்டரைத் தவிர எதுவும் உள்ளே நுழையாது. தேங்காய் ஏற்றவும், மோட்டார் பழுதானால் இறக்கி எடுத்து வரவும் டிராக்டருக்கு ஆளைத் தேடி, வாடகை கொடுத்து மாளவில்லை. அதற்காகத்தான் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. பந்தாவுக்கு வாங்குகிறவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள், அதை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இந்த மோசடி ஓடுவதே அவர்கள் புண்ணியத்தில்தான். செட்டிநாட்டில் ஏறி இறங்கப் பெரிய மலைப்பாதை கிடையாது. குன்றக்குடி போய் வர, கல்யாணத்துக்குக் கானாடுகாத்தான் போய் நிற்க ஃபோர் வீல் எதற்கு? வாங்கினவர் ஃபோர் வீல் போடுகிற அந்த நாபைத் தொடாமலேயே பல வருடம் ஓட்டுவார். உண்மையில் தேவைப்படுகிறவனுக்கும் மழை வந்தால்தான் வேலை. வைகாசி, ஆனியில் விற்றுவிட்டால் கண்மாயில் தண்ணீர் ஏறுவதற்குள் கன்சல்டிங் கொடுக்கிற ஒரு மாதக் கேரண்டி எப்போதோ முடிந்துபோயிருக்கும். எனக்கு விற்றதும் ஆனியில்தான்.

ஓட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். ஓட்டினேன், நாபைத் திருப்பி ஃபோர் ஹை (வழக்கமான வேகத்தில் நான்கு சக்கர இழுவை) போட்டும் பார்த்தேன். மீட்டரில் பச்சை லைட் கொஞ்சம் மினுக்கிவிட்டு நின்று எரிந்தது, ஒரு சத்தமும் இல்லை, வெண்ணெய் மாதிரி போனது. "பாருங்கண்ணே, எவ்வளவு ஸ்மூத்தா விழுது" என்று பக்கத்தில் உட்கார்ந்து வந்த பையன் சொன்னான். லைட்டில் தில்லுமுல்லு எதுவும் செய்யவில்லை என்பதுதான் இதில் விஷயமே. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கியர் விழுந்ததா, முன் அச்சு கோத்துக்கொண்டதா என்பதைத்தான் அந்த லைட் சொல்லும். நடுவில் இருக்க வேண்டிய ஷாஃப்ட் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. முன் டிஃபரன்ஷியல் கெட்டிருந்தது பின்னால்தான் தெரிந்தது. ஷாஃப்ட் இருந்திருந்தால் அந்த டிஃபரன்ஷியல் ஊளையிட்டுக் காட்டிக் கொடுத்திருக்கும். சத்தத்தை நிறுத்தச் செலவில்லாத வழி, ஷாஃப்டையே கழற்றிவிடுவது.

மழை வந்தது, வண்டி கண்மாய்க்குள் இறங்கியது, நின்றது. ஃபோர் லோ, அதாவது மெதுவாக, பலமாக இழுக்கிற கியர் போட்டும் பின்சக்கரம் இரண்டும் குழி பறிக்கிறது, முன்சக்கரம் அசையவே இல்லை. கடைசியில் அதே டிராக்டரைக் கூப்பிட்டுத்தான் வெளியே இழுத்தோம். டிராக்டர்க்காரர் அதற்கு வாடகை வாங்க மறுத்துவிட்டார், சிரித்து முடித்ததே போதும் என்றார்.

தேவகோட்டையில் ஜீப் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். குழிக்குள் இறங்கி டார்ச் அடித்தவர், "தம்பி, ஷாஃப்டைக் காணோமே" என்றார். கீழே வரச்சொல்லிக் காட்டினார். டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்பக்க ஃபிளாஞ்ச், அதாவது ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டுகிற தட்டு, மொட்டையாக நின்றது, போல்ட் போகிற ஓட்டைகள் காலி. அந்த ஓட்டைகளுக்கு உள்ளே வரைக்கும் கறுப்பு பெயின்ட் இறங்கிக் காய்ந்திருந்தது. ஷாஃப்ட் மாட்டியிருந்தால் அங்கே பெயின்ட் போக வழியில்லை. கழற்றிய பிறகுதான் அடிப்பக்கம் முழுக்க பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அந்த பெயின்ட் நான் வாங்கும்போதே இருந்தது. அன்றைக்கு, "அண்டர்கோட்டிங் புதுசா போட்டுக் கொடுத்திருக்கோம்ணே, வெளியில போட்டா பதினைஞ்சாயிரம்" என்று பெருமையாகச் சொன்னார்கள்.

முன் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கினால் மோர் நிறத்தில் வந்தது, உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரியவர் சும்மா இருக்காமல் சின்னச் சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனார். முன்னால் கணீர் என்று கேட்டது, பின்னால் பட்டை ஸ்பிரிங் மாட்டுகிற இடத்துக்கு வந்ததும் பொத்தென்று கேட்டது. சுரண்டினால் பெயின்டோடு சேர்ந்து துரு ஏடு ஏடாக வந்தது. டிஎன் 65 என்றால் ராமநாதபுரம் மாவட்டம். பதிவு எண்ணை வைத்து ஒரு வண்டியை முடிவு செய்ய முடியாதுதான், ஆனால் இது தொண்டிப் பக்கம் மீன் லோடு அடித்த வண்டி என்பது முந்தைய ஓனரிடம் பேசினபோது தெரிந்தது. ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் தினமும் சேஸிஸ் மேல் வடிந்திருக்கிறது. அந்த மனிதர் அதை மறைத்து விற்கவில்லை, முன்பக்கம் சத்தம் வருகிறது என்று சொல்லி, குறைந்த விலைக்குத்தான் கன்சல்டிங்கில் கொடுத்திருக்கிறார்.

கன்சல்டிங்கில் போய்க் கேட்டபோது முதல் நாள் காபி, அடுத்த தடவை முதலாளி ஊரில் இல்லை. அப்புறம் ஒருவழியாக ஆளைப் பிடித்தால், "உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டுத்தானேண்ணே எடுத்தீங்க? நாங்க வெறும் புரோக்கர், ஓனர்கிட்ட கேளுங்க" என்று கையை விரித்தார். வண்டி எடுக்கும்போது மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் அவர்கள் செலவு, பிள்ளையார்பட்டியில் பூஜை போட பையனைக் கூடவே அனுப்பினார்கள். "நம்ம ஊர்க்காரங்களை ஏமாத்திட்டு நாளைக்கு நான் இங்க நடமாட வேணாமா" என்று சொன்னதும் இதே வாய்தான். நன்றாகத்தான் நடமாடுகிறார்.

இந்த "வெறும் புரோக்கர்" பேச்சை நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் மோட்டார் வாகன விதிகளில் பழைய வண்டி வியாபாரத்துக்குத் தனியாக விதி இருக்கிறது. வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை அரசு இணைய போர்ட்டலில் தெரிவிக்க வேண்டும், தெரிவித்துவிட்டால் அதிலிருந்து அந்த வண்டிக்கு வியாபாரியே ஓனராகக் கருதப்படுவார். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடலாம். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகக் கன்சல்டிங் பெயருக்கே அனுப்புங்கள். நான் அப்படி அனுப்பியிருந்ததால்தான் இப்போது அவர் எனக்கு விற்கவில்லை என்று சொல்ல முடியவில்லை.

ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரிந்தாலும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி பெரியவர் சொல்லிக் கொடுத்தார். சமதளத்தில் ஃபோர் ஹை போட்டு, லைட் நின்று எரிகிற வரை கொஞ்சம் ஓட்டி நிறுத்தி, கியரில் விட்டு எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன்சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆடி நின்றுவிட்டால் சரி. சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் இடையில் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. ஜாக்கி போட விடமாட்டேன் என்றால் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹையிலேயே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகக் கொஞ்ச தூரம் மட்டும் திருப்புங்கள். இந்த மாதிரி வண்டிகளில், வளைவில் முன், பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்க, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது, அதனால் வளைவில் வண்டி இறுகும், டயர் தேய்த்து இழுக்கும், சில சமயம் துள்ளும். அப்படி முரண்டு பிடித்தால் நல்ல வண்டி. என் வண்டி மாதிரி வெண்ணெயாகத் திரும்பினால் வேண்டாம். முன் டிஃபரன்ஷியலின் டிரெயின் போல்ட்டைத் தளர்த்தி இரண்டு சொட்டு ஆயில் பார்க்க எந்த மெக்கானிக்குக்கும் அதிக நேரம் பிடிக்காது.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான், பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வியாபாரத்துக்காக வாங்கியது, அதனால் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பும் என்றார் வக்கீல். சொந்தப் பிழைப்புக்குத் தானே உழைக்க வாங்கினது அந்த விலக்கில் வராது என்பதால் தோப்புப் பட்டாவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

போன கோடையில் இந்தப் பக்கம் புது அண்டர்கோட்டிங்கோடு பிக்கப் எடுத்தவர்கள் இப்போதே கீழே குனிந்து பாருங்கள். ஷாஃப்ட் இல்லையென்றால் உடனே வேறு வாங்கி மாட்டிவிடாதீர்கள். ஃபிளாஞ்ச், போல்ட் ஓட்டை, சேஸிஸ் நம்பர் எல்லாம் தெரிகிற மாதிரி தேதியோடு போட்டோ எடுத்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் லெட்டர்பேடில் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.