கத்துற கிராபிக்ஸ் கார்டோட குடும்பம் நடத்துறது

என்கிட்ட இருக்குற அதே கிராபிக்ஸ் கார்டை ஃப்ரெண்ட் ஒருத்தன் வாங்கப் போறானாம், "ஏதோ சத்தம் வருதுன்னு பொலம்புனியே, சரியாயிடுச்சாடா"ன்னு கேட்டான். போன்ல சொல்லி முடியற கதை இல்ல, அதான் எழுதுறேன். ஸ்பெக் எல்லாம் பேசப் போறதில்ல, அது அட்டைப்பெட்டி மேலயே போட்டிருக்கு.

கார்டு வேலைய குறை சொல்லவே முடியாது. ஓட வேண்டியது எல்லாம் ஓடுது, சூடு கைமீறி போனதில்ல, லோடு இல்லாதப்ப ஃபேனே சுத்தாம கம்முனு கிடக்கும். கம்முனுங்கறது ஃபேனுக்கு மட்டும். ஒரு கேம் திறந்தா "கீஈஈ"ன்னு ஆரம்பிக்கும் பாருங்க, பல்லு கூசும்.

இதுல கொடுமை என்னன்னா ஆரம்பத்துல சத்தம் கார்டுல இருந்துதான் வருதுன்னே கண்டுபிடிக்க முடியல, ஏன்னா கேபினட்டுக்குள்ள ஒரு கச்சேரியே நடந்துட்டு இருந்துச்சு. காலைல ஆன் பண்ணதும் "கர்ர்ர்"னு ஒண்ணு, கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும், அது பின்னாடி ஃபேன், அதோட அச்சைத் தாங்குற ஸ்லீவ் பேரிங்ல எண்ணெய் காஞ்சு போச்சுன்னா குளிர்ல ஸ்டார்ட் ஆகும்போது அப்படித்தான் கத்தும், சூடாச்சுன்னா அடங்கிடும். ஃபேனை மாத்துனேன், முடிஞ்சுது. "டிர்ர்ர்"னு அட்டைய சைக்கிள் சக்கரத்துல சொருகுன மாதிரி ஒண்ணு, அது ஒரு கேபிள் ஃபேன் இறக்கைல உரசுறது, ஒரு கேபிள் டை போட்டேன். அப்புறம் டேபிள் வரைக்கும் அதிருற ஒரு "ம்ம்ம்".

இந்த "ம்ம்ம்"மை புடிக்க போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் ஒண்ணு போட்டேன் (எந்த அதிர்வெண்ல சத்தம் வருதுன்னு கோடா காட்டும்), உண்மையிலேயே உதவுச்சு. 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்னா செகண்டுக்கு 120 சுத்து, அதனால 120 ஹெர்ட்ஸ்ல ஒரு கோடு அசையாம நிக்கும். ஃபேனுக்கு கணக்கு வேற, செகண்டுக்கு எத்தன சுத்தோ அத இறக்கை எண்ணிக்கையால பெருக்கணும், 1200 ஆர்பிஎம்ல 7 இறக்கை ஃபேன்னா 140 ஹெர்ட்ஸ், வேகத்த மாத்துனா கோடும் கூடவே நகரும். எனக்கு 120லயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, டிஸ்க் ஸ்க்ரூவுக்கு ரப்பர் வாஷர் போட்டதும் டேபிள் அதிர்வு நின்னுடுச்சு. ஆனா ஹார்ட் டிஸ்க் "டக்... டக்... டக்"னு ஒரே தாளத்துல அடிச்சு சிஸ்டமும் உறைஞ்சு நின்னுச்சுன்னா வாஷர் எல்லாம் தேடாதீங்க, முதல்ல பேக்கப், அப்புறம்தான் ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (டிஸ்க் தன் நிலைமைய தானே குறிச்சு வைக்கிற கணக்கு) ரீஅலோகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார்னு கெட்டுப்போன, சந்தேகமான இடங்கள எல்லாம் பாக்கறது. மத்த சத்தம் காதுக்குத்தான் தொல்லை, இந்தச் சத்தம் ஃபோட்டோவ எல்லாம் சாப்டுட்டு போயிடும்.

இதெல்லாம் அடங்குனதுக்கு அப்புறம் மிச்சம் இருந்தது அந்த "கீஈஈ" மட்டும். சைடு பேனல கழட்டிட்டு சார்ட் பேப்பர குழா மாதிரி சுருட்டி காதுல வச்சு ஒவ்வொரு இடமா கேட்டேன் (பேப்பர்தான், இரும்புக் குழாய உள்ள விட்டுடாதீங்க). கார்டோட பவர் கனெக்டர் பக்கத்துல போனதும் காத பொளந்துச்சு. அப்பவும் அது ஃபேனா இருக்குமோன்னு ஒரு சந்தேகம். அதுக்கு ஈஸியான டெஸ்ட் இருக்கு, கேம்ல இருந்து ஆல்ட் டேப் அடிச்சு வெளிய வாங்க. ஃபேன்னா வேகம் குறைய கொஞ்ச நேரம் எடுக்கும், இது சுவிட்ச் போட்ட மாதிரி டக்குனு நிக்கும். சில நேரம் பிரவுசர்ல பேஜ ஸ்க்ரோல் பண்ணாகூட விரல் அசையற அளவுக்கு "கிச் கிச்"னு கூடவே கத்தும். அதான் காயில் வைன். கார்டுல இருக்குற காயில்ல கரண்ட் ஏறி இறங்கும்போது அந்தக் கம்பியும் அது சுத்தியிருக்குற கோரும் (core) நுணுக்கமா அதிருது, அந்த அதிர்வு காதுக்குக் கேக்குற ரேஞ்சுல வந்தா இந்த மாதிரி. உள்ள எதுவும் கெட்டுப் போகல, அதுதான் இன்னும் எரிச்சல், கெட்டுப்போயிருந்தாலாவது மாத்திக் குடுத்துட்டு வாய மூடிட்டு இருப்பாங்க.

வாரண்டிக்கு எடுத்துட்டுப் போனா "இது டிஃபெக்ட் இல்ல சார், நார்மல்"னு சொன்னாங்க. அவங்க டெஸ்ட் பண்ற ரூம்ல ஏசி, நாலஞ்சு மெஷின் ஃபேன் எல்லாம் ஓடிட்டு இருக்கு, அதுல பாம்பு சீறினாகூட கேக்காது. சண்டை போட்டு மாத்தி வாங்குனேன், புதுசும் கத்துது, சுருதி மட்டும் கொஞ்சம் கீழ. "ரெண்டு நாள் ஃபுல் லோடுல ஓட விட்டா செட் ஆயிடும்"னு சொல்றவங்க பேச்சையும் கேட்டுப் பாத்தேன், கரண்ட் பில்தான் ஏறுச்சு. பிஎஸ்யூ (பவர் சப்ளை) மாத்திப் பாத்ததுல சத்தத்தோட சாயல் மாறுச்சு, போகல.

வேலை செஞ்சது ரெண்டு. ஒண்ணு எஃப்பிஎஸ்ஸ (செகண்டுக்கு எத்தன படம் வரையுதுங்கற கணக்கு) மானிட்டர் ரேட்டுக்கு லாக் பண்றது. கேம் ஓடும்போதவிட மெனுலதான் கார்டு பேய் மாதிரி கத்தும், ஏன்னா அந்த சும்மா நிக்கிற படத்த லாக் இல்லேன்னா செகண்டுக்கு பல நூறு தடவ வரைஞ்சு தள்ளுது. ரெண்டாவது ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேர்ல கார்டோட வோல்டேஜ கொஞ்சம் இறக்குறது, பெர்ஃபார்மன்ஸ் போனதே தெரியல, சத்தம் பாதி குறைஞ்ச மாதிரி இருக்கு. பாதிதான்.

சரி, வாங்கலாமா? நேத்து கேட்டிருந்தா கண்ண மூடிட்டு வாங்குன்னு சொல்லியிருப்பேன், இந்த விலைக்கு இத விட நல்ல கார்டு எனக்குத் தெரிஞ்சு இல்ல. நேத்து ராத்திரி லாக் போட மறந்த ஒரு பழைய கேம திறந்துட்டேன், அந்த கடுப்புல சொல்றேன், வாங்காத. ஹெட்செட் மாட்டிட்டுதான் விளையாடுவேன்னு அடம்புடிச்சா வாங்கித் தொலை, ஆனா வந்த அன்னிக்கே ஏசி, ஃபேன் எல்லாத்தையும் அணைச்சுட்டு, லாக் போடாம ஒரு கேம் மெனுவ ஓட விட்டு கேளு. ரிட்டர்ன் தேதி தாண்டிட்டா அப்புறம் எல்லாருக்கும் அது நார்மல்தான்.